ராலிகிராஸிலிருந்து ராலி ஸ்பிரிண்டுக்கு: புதிதாக மாறுவோருக்கான வழிகாட்டி

பொழுதுபோக்காக ராலிகிராஸ் ஓட்டத் தொடங்கி, தம் வகுப்பில் முன்வரிசைக்கு வந்துவிட்ட ஓட்டுநருக்கு அடுத்து எழும் ஆசை பெரும்பாலும் ராலி ஸ்பிரிண்டாகவே இருக்கும். திறந்த வெளியில் கூம்புகளை நட்டு அமைத்த தடத்தில், ஒரு நேரத்தில் ஒரு கார் மட்டும் கடிகாரத்தை எதிர்த்து ஓடுவதைத்தான் இந்தக் கட்டுரையில் ராலிகிராஸ் என்று சொல்கிறேன். 1967இல் இங்கிலாந்தின் லிடன் ஹில் பந்தயத் திடலில் பிறந்த, பல கார்கள் ஒன்றாகப் பாய்ந்து முந்தும் விளையாட்டுக்கும் அதே பெயர்தான். அதிலிருந்து வருபவர்களிடம் காருக்குள் இரும்புக் குழாய்களால் கட்டிய பாதுகாப்புக் கூண்டும் தீப்பிடிக்காத உடையும் ஏற்கெனவே இருக்கும் என்பதால், அவர்கள் கருவிகளைப் பற்றிய பகுதியை விரைவாகக் கடந்து, சாலையைப் படிப்பது பற்றிய பகுதிக்கு நேராகச் செல்லலாம்.

ராலி ஸ்பிரிண்ட் என்பது போக்குவரத்துக்கு மூடப்பட்ட உண்மையான சாலையில், பெரும்பாலும் சில கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே ஸ்டேஜை, அதாவது நேரம் அளக்கப்படும் சாலைப் பகுதியை, பலமுறை ஓடும் போட்டி. முழு ராலியில் ஒரு ஸ்டேஜிலிருந்து அடுத்ததற்குப் பொதுச் சாலை வழியாகச் செல்லும் பயணமும், நாள் முழுவதும் நீளும் நேரக் கட்டுப்பாடும் இதில் குறைவு, அல்லது இல்லவே இல்லை. ஆகவே இது ராலிக்குள் நுழைவதற்கான நல்ல வாசல். ஆனால் ஸ்டேஜின் ஓரத்தில் நிற்கும் மரமும் பாறையும் பள்ளமும், முழு ராலியில் எப்படி இருக்குமோ அப்படியேதான் இங்கும் இருக்கும்.

இந்த மாற்றத்தில் உண்மையில் மாறுவது எது என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். காரைச் சறுக்கவிட்டுப் பிடிக்கும் கைத்திறன் ராலிகிராஸ்காரருக்கு ஏற்கெனவே உண்டு. அவரிடம் இல்லாதது, கண்ணுக்குத் தெரியாத சாலையை அறிந்து ஓட்டும் பழக்கம். கூம்புத் தடத்தை நடந்து பார்க்கலாம். புறப்படும் இடத்தில் நின்றாலே பாதித் தடம் தெரியும். தவறினால் நேரத் தண்டனை கிடைக்கும். அமெரிக்காவின் கார் விளையாட்டு அமைப்பான எஸ்.சி.சி.ஏ.வின் விதிகளில் ஒரு கூம்பை இடித்தால் 2 விநாடி, கூம்புகள் குறிக்கும் ஒரு வாயிலைத் தவறவிட்டால் 10 விநாடி சேரும். ஸ்டேஜில் முகட்டுக்கு அப்பால் சாலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது, ஏற்கெனவே அறிந்திருந்தால் ஒழியத் தெரியாது. எனவே அறிந்த அளவுக்கு மட்டுமே வேகம் என்பதை முதல் ஆண்டு முழுவதற்கும் ஒரே விதியாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லப்படும் எல்லாப் படிகளும் அந்த அறிவைக் கூட்டுவதற்கோ, அது போதாமல் போகும் நொடியில் உங்களைக் காப்பதற்கோ உரியவை.

முதல் படி: ஓட்டுவதற்கு முன் மார்ஷலாக நில்லுங்கள்

கார் வாங்குவதற்கும் போட்டி உரிமம் எடுப்பதற்கும் முன்பே, அருகில் நடக்கும் ராலி அல்லது ராலி ஸ்பிரிண்டில் தன்னார்வ மார்ஷலாக, அதாவது ஸ்டேஜின் ஓரம் நின்று பாதுகாப்பைக் கவனிப்பவராக, பணியாற்றுங்கள். பல ஏற்பாட்டாளர்களுக்கு ஆள் பற்றாக்குறை உண்டு. ஆர்வமாக வருபவரை மறுக்கமாட்டார்கள். ஒரே வளைவில் நின்று நாற்பது ஐம்பது கார்கள் கடப்பதைப் பார்ப்பவர், வேகமான ஓட்டுநர் எவ்வளவு முன்னதாகப் பிரேக்கை முடிக்கிறார் என்பதையும், மெதுவானவர் வளைவுக்குள்ளேயே இன்னும் பிரேக்கோடு போராடுவதையும் தம் கண்ணால் காண்பார். முதல் கார் வரும்போது மூடிக்கிடந்த சரளை, பத்தாவது கார் கடப்பதற்குள் ஒதுங்கிச் சுத்தமான தடமாவதும், முப்பதாவது கார் வரும்போது அதே தடம் ஆழமான குழியாவதும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும். வானொலித் தொடர்பு எப்படி நடக்கிறது, ஒரு கார் வரவில்லை என்றால் என்ன செய்கிறார்கள், ஸ்டேஜை எப்போது நிறுத்துகிறார்கள் என்பவற்றையும் அங்கேயே கற்கலாம். பின்னாளில் நீங்கள் சாலையோரம் கவிழ்ந்து கிடக்கும்போது உங்களுக்காக இயங்கப்போவது அந்த அமைப்புதான்.

இரண்டாம் படி: காரைத் தேர்ந்தெடுத்தல்

ராலிகிராஸில் ஓட்டிய அன்றாடக் காரையே கூண்டு போட்டு மாற்றிவிடலாம் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். என் கருத்தில், பெரும்பாலானோருக்கு அது தவறான வழி. கூண்டு, இருக்கை, பட்டை (சீட் பெல்ட்), தீயணைப்பான், சஸ்பென்ஷன் என்று தனித்தனியாகச் செலவிட்டு முடிக்கையில், ஏற்கெனவே போட்டியில் ஓடிய, லாக் புக் (போட்டிக் காரின் பதிவேடு) உள்ள காரின் விலையைத் தாண்டியிருக்கும்; காரும் ஓராண்டு பட்டறையிலேயே நின்றிருக்கும். அதைவிட முக்கியமாக, கூண்டு போட்ட காரை ஹெல்மெட் இல்லாமல் தினமும் ஓட்டுவது ஆபத்து. சிறு மோதலில்கூடத் தலை இரும்புக் குழாயில் அடிபடும். போட்டிக் கார் போட்டிக்கு மட்டுமே இருக்கட்டும்.

அதிக ஆற்றல் இல்லாத, உதிரிபாகம் எளிதில் கிடைக்கிற முன்சக்கர இயக்கக் காரே தொடக்கத்துக்குப் போதுமானது. ஆற்றல் மிகுந்த நான்கு சக்கர இயக்கக் கார், ஓட்டுநரின் அறிவு வளர்வதற்குள் அவரை அந்த அறிவின் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்விடும்.

பழைய போட்டிக் காரை வாங்கும்போது எஞ்சினை விடக் கூண்டைத்தான் முதலில் ஆராய வேண்டும். பன்னாட்டு மோட்டார் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதிப்படி, இருக்கைகளுக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளையம் தையலில்லாத, குளிர் இழுப்பு முறையில் செய்த கார்பன் எஃகுக் குழாயாக இருக்க வேண்டும். அதன் அளவு குறைந்தது 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. தடிப்புமாகவோ, 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்புமாகவோ இருக்க வேண்டும். காரின் தளத்தோடு கூண்டு சேரும் இடங்களில் 3 மி.மீ. தடிப்பும் 120 சதுர செ.மீ. பரப்பும் குறையாத வலுவூட்டுத் தகடுகள் வேண்டும். உள்ளூர்ப் போட்டிகளின் விதி இதிலிருந்து வேறுபடலாம் என்பதால், நீங்கள் ஓடப்போகும் போட்டியின் விதிநூலைக் கையில் வைத்துக்கொண்டே காரைப் பாருங்கள். வெல்டு குழாயைச் சுற்றி முழுமையாக இருக்கிறதா, கூரைக்கு அருகில் கை எட்டாத இடத்தில் பாதியில் நின்றுவிட்டதா, தளத்தில் துருப்பிடித்திருக்கிறதா என்பவற்றைக் கையால் தடவிப் பார்க்க வேண்டும். துருவேறிய தளத்தில் நிற்கும் நல்ல கூண்டு காப்பாற்றாது.

மூன்றாம் படி: உடலைக் காக்கும் கருவிகள்

இங்கே சிக்கனம் பார்க்கவே கூடாது. ராலிகிராஸில் அணிந்த ஹெல்மெட் இங்கே ஏற்கப்படாமல் போகலாம். கார் பந்தயத்துக்கான ஸ்னெல் எஸ்.ஏ. தரமோ, எஃப்.ஐ.ஏ. 8859 தரமோ தேவைப்படும். மோட்டார் சைக்கிளுக்கான ஹெல்மெட்டுக்குத் தீயைத் தாங்கும் சோதனை கிடையாது. கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி எஃப்.ஐ.ஏ. 8858 தரத்திலும், உடை 8856 தரத்திலும், ஆறு முனைப் பட்டை 8853 தரத்திலும் இருக்கட்டும். பட்டைக்கும் இருக்கைக்கும் காலாவதி உண்டு. 8855-1999 தர இருக்கை தயாரான நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கே பொதுவாகச் செல்லும் என்பதால், பழைய காரை வாங்குபவர் முத்திரையில் உள்ள ஆண்டைக் கணக்கில் சேர்த்தே விலை பேச வேண்டும்.

பட்டையைப் பொருத்தும் விதத்தில் பலர் கவனக்குறைவாக இருக்கிறார்கள். தோள்பட்டைகள் தோளுக்குப் பின்னால் செல்லும்போது கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கு மேல் கீழே சாயக்கூடாது; சாய்ந்தால் மோதலின்போது முதுகெலும்பு மேலிருந்து நசுங்கும். ஹான்ஸ் அணிபவருக்கு இந்தச் சாய்வு இன்னும் குறைவாக இருப்பதே நல்லது. இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் ஏறாமல், இடுப்பெலும்பின் மேல் அழுந்தி இருக்க வேண்டும். தலை தொடக்கூடிய குழாய்களில் எல்லாம் அதற்குரிய கெட்டியான காப்புறையைப் போடுங்கள். இருவரும் பட்டை கட்டிய நிலையிலேயே எடுக்கக்கூடிய இடத்தில் பட்டை வெட்டும் கத்தி இருக்கட்டும்.

நான்காம் படி: நீண்ட ஓட்டத்துக்குக் காரைத் தயார் செய்தல்

கூம்புத் தடத்தில் ஓர் ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்த ஓட்டத்துக்குள் எல்லாம் ஆறிவிடும். ஸ்டேஜிலோ சில நிமிடங்கள் இடைவிடாமல் வெப்பம் ஏறும். பிரேக் எண்ணெயே முதலில் கைவிடும். டாட் 4 வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ்; ஈரத்தை உறிஞ்சிய பின் அதே தரத்துக்கு 155 பாகை போதும் என்றே விதி அனுமதிக்கிறது. ஆகவே ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் அதை மாற்றிவிடுவது மலிவான காப்பீடு. வெப்பம் தாங்கும் பிரேக் பேடுகளும் வேண்டும்.

அடுத்து ஷாக் அப்சார்பர். புதிதாக வருபவர்கள் எஞ்சின் ஆற்றலைக் கூட்டச் செலவிடும் பணத்தை இங்கே செலவிட்டால் காரும் வேகமாகும், ஓட்டுநரும் களைக்கமாட்டார். சாலைக்கென்று செய்த ஷாக் அப்சார்பர் சரளையில் சில நிமிடங்களிலேயே சூடேறித் தளர்ந்துவிடும். அதன்பின் ஒவ்வொரு குழியிலும் சக்கரம் தரையை விட்டு எழும், திருப்பமும் பிரேக்கும் அந்த நேரத்தில் வேலை செய்யா.

எஞ்சினுக்குக் கீழே கெட்டியான சம்ப் கார்டு என்ற காப்புத் தகடு, சக்கரங்களுக்குப் பின்னால் மட் ஃபிளாப், பிரேக் குழாயும் பெட்ரோல் குழாயும் காருக்கு உள்ளே செல்லும் ஏற்பாடு, முன்னும் பின்னும் இழுவைக் கொக்கி, மின்சாரத்தை ஒரே அசைவில் துண்டிக்கும் சுவிட்ச் ஆகியவை தேவை. பக்கச்சுவர் தடித்த சரளை டயரைத்தான் வாங்க வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் மூன்றையும் பெல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். கட்டப்படாத ஜாக்கி கார் உருளும்போது உள்ளிருப்பவரைத் தாக்கும்.

பிரேக் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ். பற்றி ஒரு சொல். உதிரிச் சரளையில் பூட்டிய சக்கரத்தின் முன்னே கற்கள் குவிந்து ஆப்பு போல நின்று காரை நிறுத்த உதவும். ஏ.பி.எஸ். சக்கரத்தை விட்டுவிட்டுப் பிடிப்பதால் அந்தக் குவியல் உருவாவதில்லை. நிற்கும் தூரம் நீளும். ராலிக்காரர்கள் பலர் அதைத் துண்டிப்பதற்கு இதுவே காரணம். துண்டித்த காரில் சக்கரம் பூட்டினால் ஸ்டியரிங் கேட்காது என்பதால், போட்டிக்கு முன் தனியிடத்தில் நன்கு பழகிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: சாலையைக் காதால் படிக்கக் கற்றல்

இந்த மாற்றத்தின் இதயம் இதுதான். மேலே சொன்ன அனைத்தையும் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது. சில ராலி ஸ்பிரிண்டுகளில் தனியாக ஓட்ட அனுமதி உண்டு. அனுமதி இருந்தாலும் இணை ஓட்டுநரோடு ஓடுங்கள் என்பதே என் உறுதியான அறிவுரை. அவர் படிக்கும் பேஸ் நோட்ஸ், அதாவது வளைவுகளைப் பற்றி எழுதிய குறிப்புகள்தான் முகட்டுக்கு அப்பால் இருக்கும் சாலையை உங்களுக்கு முன்கூட்டியே தருகின்றன. 1955இல் மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டர்லிங் மோஸ், டெனிஸ் ஜென்கின்சன் காகிதச் சுருளில் எழுதிவந்த குறிப்புகளைக் கை அசைவுகளால் காட்டக் காட்ட ஓட்டி, மணிக்கு ஏறக்குறைய 157 கி.மீ. சராசரியில் வென்றார். இன்றும் அடிப்படை அதுவே. இப்போது இண்டர்காமில் குரலாக வருகிறது.

பரவலான முறையில் வளைவுகளுக்கு 1 முதல் 6 வரை எண் உண்டு. 1 மிகக் கூர்மையானது. 6 ஏறக்குறைய நேரான சாலை. கொண்டை ஊசி வளைவுக்குத் தனிச் சொல். எண்ணோடு திசை, நீளம், போகப்போக இறுகுகிறதா விரிகிறதா என்பது, அடுத்த வளைவுக்கு எத்தனை மீட்டர், உள்பக்கம் கல் உண்டா என்பவை சேரும். “இடது நான்கு இறுகும், ஐம்பது, முகடு, வலது மூன்று, உள்ளே வெட்டாதே” என்ற ஒரே மூச்சில் அடுத்த சில விநாடிகளுக்கான சாலை முழுவதும் அடங்கிவிடும். எண்களைத் தலைகீழாகப் பயன்படுத்துவோரும் உண்டு என்பதால், புதிய இணை ஓட்டுநரோடு அமரும்போது முதலில் பேசித் தீர்க்க வேண்டியது இதைத்தான்.

பழகுவதற்கு ஸ்டேஜ் தேவையில்லை. பொதுச் சாலையில் சட்டப்படியான வேகத்தில் வேறொருவர் ஓட்ட, நீங்கள் அருகில் அமர்ந்து வளைவுகளுக்கு எண் சொல்லிப் பாருங்கள். மறுநாள் அதே சாலையில், எழுதியதைப் பாராமல் மீண்டும் சொல்லுங்கள். இரண்டு நாளும் ஒரே எண் வந்தால் உங்கள் அளவுகோல் நிலைத்துவிட்டது என்று பொருள். வளைவின் வேகத்தை மனத்தில் வைத்து எண் கொடுக்காமல், அதன் வடிவத்தைப் பார்த்துக் கொடுக்கப் பழகுங்கள். வேகம் அன்றைய தரையையும் டயரையும் பொறுத்து மாறும், வடிவம் மாறாது. காருக்குள் எடுத்த ராலிக் காணொளிகளை, படத்தைப் பாராமல் ஒலியை மட்டும் கேட்டு, வரப்போகும் வளைவை மனத்தில் வரைவதும் சிறந்த பயிற்சி.

போட்டிக்கு முன் ஸ்டேஜை ஓட்டிப் பார்க்கும் முன்னோட்டத்துக்கு அனுமதி இருக்கும் போட்டியில், முதல் முறை ஸ்டேஜைக் கடக்கும்போது எழுதுங்கள். இரண்டாம் முறை இணை ஓட்டுநர் படிக்க, நீங்கள் சரிபாருங்கள். ஐயம் வந்தால் எண்ணைக் குறைத்தே எழுதுங்கள். ஐந்தை நான்கு என்று எழுதியவர் ஒரு விநாடி இழப்பார். நான்கை ஐந்து என்று எழுதியவர் சாலையை விட்டே போவார். போட்டியின்போது குறிப்பு விட்டுப்போனால், அதாவது இணை ஓட்டுநர் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை இழந்துவிட்டால், உடனே “தொலைந்தேன்” என்று சொல்ல வேண்டும். ஓட்டுநரும் அந்த நொடியே கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கான வேகத்துக்கு இறங்க வேண்டும். இதை இருவரும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் இணை ஓட்டுநரைவிட, தொலைந்ததை உரக்கச் சொல்பவரே நம்பத் தகுந்தவர்.

ஆறாம் படி: கையையும் காலையும் மாற்றிப் பழக்குதல்

வேகம் இரு மடங்கானால் காரின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சுமாரான சரளையில் ஏறக்குறைய 28 மீட்டரில் நிற்கும் கார், 100 கி.மீ. வேகத்தில் ஏறக்குறைய 79 மீட்டர் எடுக்கும். அந்த வேகத்தில் ஒரு விநாடித் தயக்கமே இன்னும் 28 மீட்டரைத் தின்றுவிடும். கூம்புத் தடத்தில் கடைசி நொடிப் பிரேக்கால் நேரம் சம்பாதித்த பழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். நேரான பகுதியிலேயே பிரேக்கை முடித்து, காரின் எடை முன்சக்கரத்தில் இருக்கும்போதே திருப்பத் தொடங்கி, வளைவுக்குள் ஆக்சிலரேட்டரோடு செல்லுங்கள்.

முன்சக்கரம் சறுக்கி, கார் திரும்ப மறுத்து நேராகப் போனால், ஸ்டியரிங்கை மேலும் திருப்புவது உதவாது. சற்றே நேராக்கி, இடது காலால் பிரேக்கை மென்மையாகத் தொட்டு எடையை முன்னே கொண்டுவர வேண்டும். இடது காலால் பிரேக் போடும் பழக்கம் முன்சக்கர இயக்கக் காருக்கு மிகப் பயனுள்ளது; வலது கால் ஆக்சிலரேட்டரில் இருக்கும்போதே இடது கால் பிரேக்கைத் தொட்டால் பின்பகுதி இலகுவாகிச் சுழலும். ஹேண்ட்பிரேக்கைக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காரை முதலில் எதிர்ப்பக்கம் அசைத்துப் பின் வளைவுக்குள் வீசும் ஸ்காண்டினேவிய உத்தி பார்க்க அழகானது. ஆனால் அகலம் தேவைப்படும் அந்த உத்தியை மரங்களுக்கு நடுவே முதல் ஆண்டில் முயலவேண்டாம்.

முகட்டில் பிரேக்கை முகட்டுக்கு முன்பே முடித்து விட்டுவிட வேண்டும். சக்கரங்கள் இலகுவாகும் இடத்தில் போடும் பிரேக் பூட்டத்தான் செய்யும். கார் தரையை விட்டு எழக்கூடும் என்றால் ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். இறங்கிய பிறகே அடுத்த செயல்.

ஏழாம் படி: போட்டி நாளும் அவசர விதிகளும்

முதல் போட்டியின் இலக்கு எல்லா ஓட்டங்களையும் முடிப்பது மட்டுமே. முதல் ஓட்டம் நோட்ஸைச் சோதிக்க. தவறாக இருந்த இடங்களைக் கார் நின்றவுடன் திருத்துங்கள். டயர் அழுத்தத்தைக் குளிர்ந்திருக்கும்போதும் சூடாக இருக்கும்போதும் அளந்து எழுதிவையுங்கள். ஒவ்வொரு இடைவேளையிலும் சக்கர நட்டுகளை இறுக்கிப் பார்த்து, காருக்கு அடியில் படுத்துச் சொட்டுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள். தீப்பிடிக்காத உடைக்குள் உடல் விரைவாக வறண்டு, கவனம் குறையும்.

ஸ்டேஜில் நின்றுவிட்டால், கார் எரியாத நிலையில் முதலில் எஞ்சினை அணைத்து, இருவரும் நலமா என்று பார்த்து, மருத்துவ உதவி தேவையில்லை என்றால் பச்சை “ஓ.கே.” அட்டையைப் பின்வரும் கார்களுக்குத் தெளிவாகக் காட்டுங்கள். காயம் என்றால் சிவப்பு “எஸ்.ஓ.எஸ்.” அட்டை. முக்கோணப் பலகையை, பின்வரும் கார்கள் வரும் திசையில் உங்கள் காருக்குக் குறைந்தது 50 மீட்டர் முன்னதாக, கார் நிற்கும் அதே பக்கத்தில் வைக்க வேண்டும். பின்னர் காரை விட்டு விலகி, அடுத்த கார் தடம் மாறினாலும் எட்டாத இடத்தில் நில்லுங்கள். நீங்கள் ஓடும்போது சிவப்பு அட்டையைக் கண்டால், அந்த இடத்தை முதலில் அடைந்த கார் நின்றே தீர வேண்டும். இரண்டாவது கார் அடுத்த வானொலி நிலையத்துக்குச் செய்தி கொண்டுசெல்ல வேண்டும். இழந்த நேரத்தைப் பற்றி அங்கே நினைக்கவே கூடாது. இந்த விதிகளை இணை ஓட்டுநரோடு, நின்ற காரிலிருந்து இறங்கி அட்டையை எடுப்பது வரை, செய்தே ஒத்திகை பாருங்கள்.

எட்டாம் படி: வேகத்தைக் கூட்டும் வரிசை

இரண்டு மூன்று போட்டிகளை முழுமையாக முடித்த பிறகு வேகத்தைக் கூட்டலாம். எல்லா வளைவுகளிலும் ஒரே நேரத்தில் கூட்ட முயலாமல், வெளிப்பக்கம் திறந்த நிலமாக உள்ள, நோட்ஸ் இரண்டு ஓட்டங்களில் சரியென்று உறுதியான வளைவுகளை முதலில் தேர்ந்தெடுங்கள். அடுத்து 5, 6 எண் வளைவுகளைப் பாருங்கள். நேரம் அதிகம் ஒளிந்திருப்பது அங்கேதான், ஆனால் தவறு நேர்ந்தால் மிகப் பெரிதாவதும் அங்கேதான் என்பதால், நோட்ஸின் மேல் முழு நம்பிக்கை வரும்வரை அவற்றில் ஆக்சிலரேட்டரைச் சற்றே தளர்த்துங்கள். கொண்டை ஊசி வளைவில் ஆவேசமாகச் சுழற்றுவதால் கிடைப்பது சிறிது. அதிலிருந்து வெளியேறும்போது சக்கரம் வீணாகச் சுழலாமல் பார்த்துக்கொள்வதால் கிடைப்பது பெரிது.

ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் காருக்குள் எடுத்த காணொளியை இணை ஓட்டுநரோடு அமர்ந்து பார்த்து, குறிப்பு முன்னதாக வந்ததா, தாமதமாக வந்ததா, கேட்டும் நீங்கள் நம்பாமல் பிரேக்கைத் தொட்ட இடங்கள் எவை என்று பட்டியலிடுங்கள். குறிப்பு சரியாக இருந்தும் நம்பாத இடங்களே அடுத்த போட்டியில் நேரத்தைக் குறைக்கக்கூடியவை. குறிப்பே தவறாக இருந்து, அதிர்ஷ்டத்தால் தப்பிய இடங்களைச் சிவப்பில் குறித்து, அடுத்த முன்னோட்டத்தில் அத்தகைய வளைவுகளுக்கு எண் கொடுக்கும்போது காரை நிறுத்தி, இறங்கி நடந்து பாருங்கள்.